மற்றும் பிறர்

மார்ச் 8 நெருங்கும்போதெல்லாம் எங்கள் கல்லூரியில் யாராவது ஒருவர் துறைக்கு வந்து, "மேடம், அறிவியல்ல பெண்கள் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசிடுங்க" என்பார். பல ஆண்டுகள் நான் பேசியது ஒரே கதையைத்தான். 1967-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 24 வயது ஆய்வு மாணவி ஒருத்தி, அதுவரை யாரும் கண்டிராத ஒரு வகை விண்மீனைக் கண்டுபிடித்தாள். பல்சர் என்று அதற்குப் பெயர் வந்தது. 1974-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். பரிசு அவளுக்கு இல்லை, அவளுடைய வழிகாட்டிக்கு. இந்த இடத்தில் நான் சற்று நிறுத்துவேன். அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழும். பிறகு கைதட்டல், நினைவுப் பரிசு, தேநீர், சமோசா.

ஒரு வருடம் கைதட்டல் முடிந்த பிறகு முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். மே மாதம் அவளுக்குக் கல்யாணம் என்பது வகுப்பு முழுக்கத் தெரியும்.

"அதுக்கப்புறம் அவங்க என்ன பண்ணாங்க மேடம்?"

"பேராசிரியர் ஆனாங்க. நிறைய விருது வாங்கினாங்க" என்றேன்.

"இல்ல மேடம், அதுக்கு நடுவுல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பெண்ணின் கதையை இத்தனை ஆண்டுகள் மேடையில் சொல்லிவந்திருக்கிறேன். அவருடைய 24 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒருமுறைகூடத் தேடிப் பார்க்கவில்லை. இன்னொன்றும் அன்று இரவு உறைத்தது. நான் சொல்லும் கதையில் அந்த மாணவி எப்போதும் 'அவள்'. வழிகாட்டி எப்போதும் 'அவர்'. கண்டுபிடித்தாள், ஏமாற்றப்பட்டாள், அவர் பரிசு வாங்கினார். நியாயம் கேட்கும் கதைக்குள்ளேயே அவரை 24 வயதுப் பெண்பிள்ளையாக நிறுத்திவைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த 'நடுவுல' என்ற சொல்லைப் பற்றியது.

*

தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோசலின் பெல் 1943-ல் வட அயர்லாந்தில் பிறந்தார். அவர் படித்த பள்ளியில் பையன்கள் அறிவியல் கூடத்துக்கும் பெண்கள் சமையல், தையல் வகுப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் சண்டை போட்டதால்தான் அவரால் அறிவியல் வகுப்பில் உட்கார முடிந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சிறப்பு வகுப்பில் அவர் ஒருவரே பெண். விரிவுரைக் கூடத்துக்குள் அவர் நுழையும்போது ஆண்கள் காலைத் தரையில் தட்டி விசிலடிப்பது அங்கே வழக்கம்.

கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹியூவிஷிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் தொலைநோக்கியைக் கட்டுவதிலேயே போயின. அது குழாய் வடிவத் தொலைநோக்கி அல்ல. நாலரை ஏக்கர் வயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் நட்டு, கம்பிகள் இழுத்துக் கட்டிய ரேடியோ ஏற்பி. சம்மட்டி பிடித்துக் கம்பம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். 1967 ஜூலையில் அது வேலை செய்யத் தொடங்கியது. பதிவுக் கருவி நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் தாளில் கோடு கிறுக்கித் தள்ளும். அதைப் படிக்கும் வேலை பெல்லுடையது. வானம் முழுவதையும் ஒருமுறை பார்த்து முடிக்க 120 மீட்டர் தாள் ஆகும். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. விண்மீனும் இல்லை, பூமியிலிருந்து வரும் இரைச்சலும் இல்லை. நவம்பர் 28 அன்று வேகமான பதிவில் பார்த்தபோது, அது 1.33 நொடிக்கு ஒருமுறை துல்லியமாகத் துடித்தது.

கேம்பிரிட்ஜில் சேரும் தகுதி தனக்கு இல்லை, எப்போது வேண்டுமானாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் அவ்வளவு கவனமாகத் தாளைப் படித்ததாகப் பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இதை ஊக்க உரையாக மாற்றிவிடக் கூடாது. அந்த அச்சத்தை உண்டாக்கிய இடங்களில் விசிலடித்த அந்தக் கூடமும் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. ஐந்து ஆசிரியர்கள். ஹியூவிஷ் முதல் பெயர், பெல் இரண்டாவது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வானியல் கேள்விகள் ஹியூவிஷுக்கு. பெல்லிடம் கேட்டது அவருடைய உடல் அளவுகளையும் எத்தனை ஆண் நண்பர்கள் என்பதையும். 1974-ல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனபோது, வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல் வெளிப்படையாகக் கண்டித்தார். என் மார்ச் 8 பேச்சு இங்கே முடிந்துவிடும்.

*

இனி நடுவில் நடந்தவை. அதற்கு முன் வானத்தில் வேறொரு சன்னல் திறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வயலில் கம்பி கட்டிப் பிடித்துவிடலாம். எக்ஸ் கதிர்களை அப்படிப் பிடிக்க முடியாது. வளிமண்டலம் அவற்றை விழுங்கிவிடும். நமக்கு அது நல்லதுதான். வானியலுக்கோ, காற்றைத் தாண்டி மேலே போனால்தான் பார்வை. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அமெரிக்காவில் ஒரு ராக்கெட்டை ஏவியது. அது காற்றுக்கு மேலே இருந்த நேரம் 350 நொடிகள், ஆறு நிமிடம்கூட இல்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ் கதிர் மூலத்தை அந்த நொடிகளில் கண்டார்கள். ஆறு நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். உட்கார்ந்து பார்க்கச் செயற்கைக்கோள் வேண்டும்.

எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே செய்யப்பட்ட முதல் செயற்கைக்கோள் 1970 டிசம்பர் 12 அன்று கிளம்பியது. ஏவிய இடம் அமெரிக்கா அல்ல. கென்யக் கடற்கரைக்கு அப்பால், கடலில் இத்தாலியர்கள் அமைத்திருந்த சான் மார்கோ மேடை. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளுக்குக் கதிர்வீச்சு இரைச்சல் குறைவு என்பதும் அந்த இடத்தின் வசதி. அன்று கென்யாவின் விடுதலை நாள். செயற்கைக்கோளுக்கு 'உஹுரு' என்று பெயர் வைத்தார்கள். சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள்.

அந்தப் பெயரை வைத்தவர் திட்ட மேலாளர் மார்ஜரி டவுன்சென்ட். 1951-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் பெண். நாசாவில் ஒரு செயற்கைக்கோள் திட்டத்தை நடத்திய முதல் பெண்ணும் அவர்தான். உஹுருவின் கண்டுபிடிப்புகளும் அதற்கு முன்னும் பின்னும் செய்த பணிகளும் சேர்ந்து ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்தன. அது அவருக்குத் தகும். ஆனால் ஒரு செயற்கைக்கோளில் அறிவியல் கருவி ஒரு பகுதிதான். மின்சாரம், வெப்பம், திசை, தரவு அனுப்புதல், ஏவும் நாள், பணம் ஆகிய அத்தனையையும் ஒன்றுசேர்த்து மேலே அனுப்பும் பொறுப்பு மேலாளருடையது. வீட்டுப் பராமரிப்பைப் போலவே, அந்த வேலை சரியாக நடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

1971-ல் உஹுருவின் தரவில் சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற மூலம் 4.8 நொடிக்கு ஒருமுறை துடிப்பது தெரிந்தது. அடுத்து ஹெர்குலிஸ் எக்ஸ்-1, 1.24 நொடி. இவையும் பல்சர்கள்தாம், ஆனால் பெல் கண்ட வகை அல்ல. பெல்லின் பல்சர் தனியாகச் சுழன்று, தன் சுழற்சி ஆற்றலைச் செலவழித்து மெல்ல மெல்ல வேகம் குறையும். இவை துணையோடு இருப்பவை. அருகில் சுற்றும் இன்னொரு விண்மீனிலிருந்து வாயுவை இழுக்கின்றன. அந்த வாயு, காந்தப்புலத்தின் வழியே துருவங்களுக்குப் பாய்ந்து, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வேகத்தில் பரப்பில் மோதுகிறது. மோதிய இடம் பல கோடி டிகிரி சூடாகி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. விண்மீன் சுழலச் சுழல அந்தச் சூட்டுப் புள்ளி கலங்கரை விளக்கம்போல நம் பக்கம் வந்து போகிறது. விழும் வாயு சுழற்சியைத் தள்ளிவிடுவதால் இவற்றில் சில வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்கின்றன. சூரியனைவிடக் கனமான ஒன்று, சுமார் 25 கிலோமீட்டர் அகலமே உள்ள பந்தாக இறுகிச் சுழலும் நியூட்ரான் விண்மீன் என்பதற்கு இப்படி இரண்டாவது சாட்சி கிடைத்தது.

*

இந்தச் சமயத்தில் ஜோசலின் பெல் எங்கே இருந்தார்?

1968-ல் முனைவர் ஆய்வு முடிந்த கையோடு அவருக்குத் திருமணம். பெயர் ஜோசலின் பெல் பர்னெல் ஆனது. கணவருக்கு உள்ளாட்சி நிர்வாகத்தில் வேலை. பதவி உயர்வு வரும்போதெல்லாம் ஊர் மாறும். கணவர் போகும் ஊரைச் சுற்றி எங்கே வானியல் வேலை இருக்கிறது என்று தேடுவதுதான் பெல் பர்னெலின் வழி. முதலில் சவுத்தாம்ப்டன். அங்கே ரேடியோ வானியல் இல்லை, காமா கதிர் வானியல் இருந்தது. அதைக் கற்றார். 1973-ல் மகன் பிறந்தான். 1974-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முல்லார்ட் விண்வெளி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே எக்ஸ் கதிர் வானியல். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து.

அந்த ஆய்வகமும் பங்கெடுத்த பிரிட்டிஷ் செயற்கைக்கோள் ஏரியல் 5. அது ஏவப்பட்டது 1974 அக்டோபர் 15 அன்று, உஹுரு கிளம்பிய அதே சான் மார்கோ மேடையிலிருந்து. ஹியூவிஷுக்கும் ரைலுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே நாள்தான்.

இந்தத் தேதிப் பொருத்தத்தைப் பார்த்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் மேடைக் கதையில் 1974 அக்டோபர் 15 ஒரு பெண்ணிடமிருந்து ஏதோ பறிக்கப்பட்ட நாள். அவருடைய சொந்த வேலை நாட்குறிப்பில் அது செயற்கைக்கோள் மேலே போன நாள். அடுத்த சில ஆண்டுகளுக்கு அவர் படிக்க வேண்டிய தரவு கிளம்பிய நாள்.

டிசம்பர் மாதம் ஏரியல் 5 சென்டாரஸ் எக்ஸ்-3 இருக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் பக்கத்தில் அதுவரை இல்லாத ஒரு எக்ஸ் கதிர் மூலம் பளிச்சிட்டது. வானில் அது இருக்கும் இடத்தை வைத்து ஏ 1118-61 என்று பெயர். 1975-ல் 'நேச்சர்' இதழில் மூன்று பேர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மூலம் 6.75 நிமிடத்துக்கு ஒருமுறை சீராகத் துடிக்கிறது என்பது செய்தி. ஆசிரியர்கள் ஐவ்ஸ், சான்ஃபோர்ட், பெல் பர்னெல்.

6.75 நிமிடம் என்றால் 405 நொடி. 1962-ன் ராக்கெட் மேலே இருந்ததே 350 நொடிதான். அந்த ராக்கெட் இந்த விண்மீனையே பார்த்திருந்தாலும் ஒரு முழுத் துடிப்பைக்கூடக் கண்டிருக்காது. செயற்கைக்கோள் தங்கிப் பார்த்ததால்தான் இப்படி நிதானமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் இருப்பதே தெரியவந்தது. 1.33 நொடித் துடிப்பைக் கண்டவரின் பெயர், அதைவிட முந்நூறு மடங்கு மெதுவான இந்தத் துடிப்பைக் கண்டவர்கள் பட்டியலிலும் இருக்கிறது. எத்தனையோ மார்ச் 8 கடந்தும் எனக்கு இது தெரியாது.

இந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று மாணவிகளுக்குச் சொல்ல நான் புடவைக் கொசுவத்தை எடுத்துக்கொள்வேன். செயற்கைக்கோள் அனுப்புவது படம் அல்ல. எந்த நொடியில் எத்தனை எக்ஸ் கதிர் வந்து விழுந்தது என்ற எண்ணிக்கைதான். அதில் பாதி இரைச்சல். பூமி சூரியனைச் சுற்றுகிறது, செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுகிறது. அதனால் கதிர் வந்து சேரும் நேரம் முன்பின்னாகும். முதலில் அதைத் திருத்த வேண்டும். பிறகு அந்த நீண்ட எண் வரிசையைச் சம நீளத் துண்டுகளாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்ட வேண்டும். மடிப்பின் அகலம் சரியாக இருந்தால், புடவைக் கரையின் மாங்காய் ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் நேராக உட்காரும். துடிப்பு துலங்கும். அகலம் கொஞ்சம் பிசகினாலும் கரை கலைந்துவிடும். எந்த அகலம் சரி என்று முன்கூட்டித் தெரியாது. மடித்து, பிரித்து, மறுபடி மடிக்க வேண்டும். இந்த முறைக்கு வானியலில் மடித்தல் என்றே பெயர். நான் இட்டுக்கட்டியது புடவை மட்டும்தான்.

*

பெல் பர்னெல் 18 ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை செய்தார். எக்ஸ் கதிருக்குப் பிறகு 1982-ல் எடின்பரோ. அங்கே அகச்சிவப்பு, மில்லிமீட்டர் அலை வானியல். ரேடியோ, காமா, எக்ஸ் கதிர், அகச்சிவப்பு என்று ஏறத்தாழ முழு நிறமாலையிலும் வேலை பார்த்தவர் என்று அவரைப் பாராட்டி எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அது ஒரு கணவரின் பணியிட மாற்றங்களின் பட்டியல். ஒரு துறையில் பத்தாண்டுகள் வேரூன்றி நின்று, குழு சேர்த்து, மாணவர்களை வளர்த்து, தலைவராகும் பாதை அவருக்கு அடைபட்டிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அவர் புதியவர். அங்கிருக்கும் கருவியின் தரவைப் படிப்பவர்.

இதை எழுதும்போது என் சொந்த விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வருகிறது. ஆய்வுப் படிப்பில் சேர்ந்து ஒன்றரை ஆண்டில் கணவருக்கு மாற்றல். இரண்டு ஊர்கள், ஒரு குழந்தை, ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நான் டியூஷன் எடுத்தேன், ஒரு பள்ளியில் விடுப்புக்கு மாற்றாகப் பாடம் நடத்தினேன், இரவில் ஆய்வேட்டின் கணக்குகளைச் செய்தேன். பிறகு நேர்காணல் ஒன்றில் குழு உறுப்பினர் ஒருவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, "இந்த ஆறு வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் அவர் கேள்வியின்மேல் அல்ல, என் பதிலின்மேல்.

பரிசு மறுக்கப்பட்ட கதையை நாம் விரும்பிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருப்பதாக இப்போது படுகிறது. அதில் குற்றவாளி தெளிவு. ஒரு குழு, ஒரு நாள், ஒரு அநீதி. பகுதிநேர வேலையின் 18 ஆண்டுகளில் அப்படி யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. திருமணம் இருக்கிறது. குழந்தை இருக்கிறது. அந்த இரண்டையும் சுமந்தவர் எந்த ஊரில் வேலை தேட வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு சமூகம் இருக்கிறது. மாணவிக்குப் பரிசு கொடுக்காதது சரிதான் என்று பெல் பர்னெலே 1977-ல் வெளியான ஒரு விருந்து உரையில் சொன்னார். பிற்காலத்தில் அவர் மீண்டும் மீண்டும் பேசியது பரிசைப் பற்றி அல்ல. திருமணமான பெண் விஞ்ஞானியின் வேலைவாழ்வு எப்படிச் சிதறுகிறது என்பதைப் பற்றித்தான். நாம் கேட்க விரும்பியதோ பரிசுக் கதையை.

1991-ல் அவர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அந்த ஒரு நியமனத்தால் பிரிட்டனில் இயற்பியல் பெண் பேராசிரியர்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது என்று சொல்வார்கள். அதாவது ஒன்று, இரண்டானது.

*

செயற்கைக்கோளின் தரவுக்கு ஒரு குணம் உண்டு. அது பூமிக்கு வந்துவிடும். மலையுச்சித் தொலைநோக்கிகளின் கதை வேறு. கலிஃபோர்னியாவின் பெரிய ஆய்வகங்களில் 1960-களின் நடுப்பகுதி வரை பெண்களுக்குத் தொலைநோக்கி நேரம் முறைப்படி கிடைக்கவில்லை. தங்குமிடத்துக்கு 'மடாலயம்' என்றே பெயர். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சுற்றும் இடத்தில் தங்குமிடம் இல்லை. அதனால் ஆணாதிக்கம் ஒழிந்தது என்று சொல்லவரவில்லை. யார் மேலாளர், யார் முதல் ஆசிரியர், யாருக்கு நிரந்தர வேலை என்ற கேள்விகள் பூமியில்தான் முடிவாகின்றன. ஆனால் ஒரு கதவு குறைந்தது. இந்தத் துறையின் பின்வரலாற்றைப் பார்க்கும்போது அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1995 டிசம்பரில் ரோஸி என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. நொடியின் மிகச் சிறு பகுதிகளில் நடக்கும் மாற்றத்தையும் அளப்பதற்காகவே செய்யப்பட்டது அது. அதன் திட்ட விஞ்ஞானி ஜீன் ஸ்வாங்க். நொடிக்கு 401 முறை சுழன்றபடி துணையின் வாயுவை உண்ணும் பல்சர் 1998-ல் அதன் தரவில்தான் கிடைத்தது. அதே ஆண்டு கிரேக்கத்தில் பிறந்த கிறிஸ்ஸா கூவெலியோட்டுவும் அவருடைய குழுவும் அதே செயற்கைக்கோளைக் கொண்டு இன்னொரு மூலத்தை ஆராய்ந்தார்கள். 7.5 நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு மெதுவாகும் வேகத்திலிருந்து காந்தப்புலத்தைக் கணக்கிட்டபோது, சாதாரணப் பல்சரைப்போல நூறு மடங்குக்கும் மேல் வந்தது. காந்தமீன்கள் என்று ஒரு வகை இருக்கலாம் எனக் கோட்பாட்டாளர்கள் 1992-ல் சொல்லியிருந்தது அப்படி உறுதியானது. வேறு பெயரில் அறியப்பட்ட ஒரு வகை எக்ஸ் கதிர்ப் பல்சர்களும் காந்தமீன்களே என்று விக்டோரியா காஸ்பியின் குழு 2002-ல் காட்டியது. 2021-ல் ஷா பரிசு இந்த இரு பெண்களுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

2017-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறம் 'நைசர்' என்ற கருவியைப் பொருத்தினார்கள். நொடிக்கு 205 முறை சுழலும் ஒரு பல்சரின் சூட்டுப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே அதன் தரவைக் கொண்டு கணக்கிட்டன. ஒன்றை ஆம்ஸ்டர்டாமில் நடத்தியவர் அன்னா வாட்ஸ். எதிரெதிர்த் துருவங்களில் இரண்டு புள்ளிகள் என்றுதான் பாடநூல்களில் படம் இருக்கும். 2019-ல் வந்த விடையோ, புள்ளிகள் எல்லாம் ஒரே அரைக்கோளத்தில் என்றது. விண்மீனின் ஆரம் சுமார் 13 கிலோமீட்டர். நான் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்த படத்தை அந்த ஆண்டு அழித்தேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு சந்திராவைச் சொல்லாமல் விட முடியாது. 1999 ஜூலை 23 அன்று விண்ணில் ஏறிய அந்த எக்ஸ் கதிர் ஆய்வகத்துக்கு சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். அதைச் சுமந்து சென்ற விண்கலத்தின் தளபதி ஐலீன் காலின்ஸ், ஒரு விண்வெளி ஓடப் பயணத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். வெள்ளைக் குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு, சூரியனைப்போல 1.4 மடங்கு என்று கண்டவர் சந்திரசேகர். அந்த எல்லைக்கு அப்பாலிருந்துதான் நியூட்ரான் விண்மீனின் கதை தொடங்குகிறது. 'நம்ம ஊர்க்காரர் பேரு' என்று நாம் பெருமைப்படுகிறோம். அவருடைய தாய் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணின் கதையை வீட்டுக்குள் இருந்தபடி தமிழாக்கியிருக்கிறார். மனைவி லலிதா சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1936-ல் திருமணமாகி அமெரிக்கா போனார். இயற்பியலாளராக அல்ல, சந்திரசேகரின் மனைவியாகவே நாம் அவரை அறிகிறோம். அவருடைய வாழ்வின் நடுவே என்ன இருந்தது என்று யாரும் மேடையில் கேட்டு நான் பார்த்ததில்லை.

*

ஏ 1118-61 பிறகு என்ன ஆயிற்று? அடங்கிவிட்டது. அதன் துணை விண்மீன் வாயுவை வெளியே தள்ளினால்தான் பல்சருக்கு உணவு. இல்லையென்றால் அது ஏறத்தாழ இருட்டில் சுழன்றுகொண்டிருக்கும். 1992 ஜனவரியில் மறுபடி பளிச்சிட்டது. 2009 ஜனவரியில் மூன்றாவது முறை. ஒவ்வொரு விழிப்புக்கும் நடுவில் 17 ஆண்டுகள். வெளிச்சம் வராத அந்த ஆண்டுகளிலும் அது சுழலாமல் இருந்ததில்லை.

புதிதாக அதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் கட்டுரையைக் குறிப்பிட வேண்டும். ஆய்வுலகின் வழக்கப்படி அதை 'ஐவ்ஸ் மற்றும் பிறர், 1975' என்று குறிப்பார்கள். முதல் பல்சர்க் கட்டுரையும் அப்படித்தான்: 'ஹியூவிஷ் மற்றும் பிறர், 1968'. இரண்டிலும் அந்தப் 'பிறர்' என்ற சொல்லுக்குள் இருப்பவர் ஒரே பெண். சொல்லைத் திறந்து உள்ளே பார்த்தாலும் முதலில் பெல், அடுத்ததில் பெல் பர்னெல். திருமணம் நடுவில் வந்து பெயரை மாற்றிவிட்டது. இருவரும் ஒருவரே என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2018-ல் அவருக்கு 30 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு சிறப்புப் பரிசு கிடைத்தது. முழுத் தொகையையும் முனைவர் பட்ட மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் என இயற்பியலில் இடம் குறைவாகக் கிடைப்பவர்களுக்காக. 2021-ல் ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம். அந்தப் பதக்கத்தின் நீண்ட வரலாற்றில் அவர் இரண்டாவது பெண். இவற்றையும் நான் மேடையில் சொல்கிறேன், ஆனால் இவற்றோடு முடிப்பதில்லை.

கேள்வி கேட்ட அந்த மாணவி சொன்ன தேதியில் கல்யாணம் செய்துகொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள். நான் பதிலைக் கண்டுபிடித்தபோது அவள் வகுப்பில் இல்லை. போன வருடம் தொலைபேசியில் அழைத்தாள். பின்னணியில் குழந்தையின் அழுகை. ஒரு பள்ளியில் அரைநாள் வேலையாம். "இந்தச் செயற்கைக்கோள் டேட்டா எல்லாம் யார் வேணும்னாலும் எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். எடுக்கலாம் என்றேன். ரோஸியின் தரவு முழுவதும் திறந்தே கிடக்கிறது. 2015-ல் நாம் அனுப்பிய ஆஸ்ட்ரோசாட்டின் தரவும் இஸ்ரோவின் தரவு மையத்தில் இருக்கிறது. எப்படி எடுப்பது, எப்படி மடிப்பது என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது ஞாயிறு அவள் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும், அல்லது வீட்டுக்கு விருந்தினர் வந்திருப்பார்கள். நான் காத்திருக்கிறேன். இந்த முறை அதை இடைவெளி என்று சொல்ல மாட்டேன்.

இப்போது மார்ச் 8 அன்று என்னைக் கூப்பிட்டால் 1974 அக்டோபர் 15-லிருந்து தொடங்குகிறேன். பேச்சு முடிந்ததும் பலகையில் இரண்டு வரி எழுதுவேன். 'மற்றும் பிறர்' என்று சுருக்காமல் முழுதாக எழுதுவேன்.

ஹியூவிஷ், பெல், பில்கிங்டன், ஸ்காட், காலின்ஸ், 1968.

ஐவ்ஸ், சான்ஃபோர்ட், பெல் பர்னெல், 1975.